வெளி மாநிலத்தில்தான் பணியில் இருந்தேன் என்று எப்படி நிரூபிப்பது? (பென்சில்வேனியா, ராணுவச் சம்பளம்)

கேள்வி: 2 மார்ச் 2025

என் கணவர் 2022ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். எங்கள் வீடு பென்சில்வேனியாவில், ஆலன்டவுன் பக்கம். நான் வேலைக்காக இங்கேயே இருக்கிறேன், அவர் 2023 ஜனவரியிலிருந்து டெக்சாஸில். வெளி மாநிலத்தில் சம்பாதித்த ராணுவச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு 2023 கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. இப்போது மாநிலத்திலிருந்து கடிதம்: வெளியே பணியில் இருந்ததற்கு ஆதாரம் அனுப்பு என்று. அவர் பயிற்சிக் களத்தில் இருக்கிறார், இரண்டு வாரத்துக்குப் போன் எடுக்க மாட்டார். என் கையில் இருப்பது டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம்), அப்புறம் முகாம் வாசல் பலகைக்கு முன்னால் சீருடையில் அவர் நிற்கிற போட்டோ. இது போதுமா அண்ணன்மார்களே?

2 மார்ச் 2025, இரவு

பதில்: போட்டோவை அனுப்ப வேண்டாம். அழகாக இருக்கும், சட்டம் போட்டு மாட்டி வையுங்கள்.

உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பாதி மட்டும் சொல்லியிருக்கிறார். பென்சில்வேனியாவாசி ஒருவர் மாநிலத்துக்கு வெளியே கூட்டரசின் முழுநேர ராணுவப் பணியில் இருந்து வாங்கிய சம்பளத்துக்கு அங்கே வரி கிடையாது. மாநிலத்துக்கு உள்ளே இருந்து வாங்கினால் உண்டு, எல்லாரையும் போல 3.07 சதவீதம். விட்டுப்போன பாதி என்னவென்றால், சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும்போதே டபிள்யூ-2 நகலோடு ராணுவ ஆர்டரின் நகலையும் இணைக்க வேண்டும். டபிள்யூ-2வின் 15ஆம் கட்டத்தில் 'பி.ஏ.' (பென்சில்வேனியா) என்றும் 16ஆம் கட்டத்தில் முழுச் சம்பளமும் இருக்கும், நீங்கள் கொடுத்த படிவத்தில் அந்தத் தொகை இருக்காது, கணினி இரண்டையும் ஒப்பிட்டுக் கடிதம் அடித்துவிடும். உங்களைத் திருடன் என்று யாரும் நினைக்கவில்லை, பயப்படாதீர்கள்.

வேண்டியது டெக்சாஸுக்குப் போகச் சொன்ன இடமாற்ற ஆர்டர், அதாவது பி.சி.எஸ். ஆர்டர். திருத்தம் ஏதாவது வந்திருந்தால் அதுவும். அவர் திரும்பி வந்ததும் ஐபர்ம்ஸில் (படையின் ஆவணத் தளம்) நுழைந்து இறக்கித் தரச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. அதுவரை, ஆதாரம் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும் என்று கடிதத்தில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள். பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

3 மார்ச் 2025

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கிரீன் கார்டில் 2016ல் சேர்ந்தவன், வீடு பிட்ஸ்பர்க்கில். தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சனில் அடிப்படைப் பயிற்சி, வர்ஜீனியாவில் ஃபோர்ட் லீயில் சரக்குக் கிடங்கு வேலைக்கான பயிற்சி, பிறகு டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட், 2020 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு கொரியாவில் கேம்ப் ஹம்ஃப்ரீஸ். இதுவரை சிக்கலே இல்லை, எல்லாம் வெளியே. 2021 ஆகஸ்டில் மாற்றல் வந்தது பாருங்கள், கார்லைல் பாரக்ஸுக்கு. பென்சில்வேனியாவுக்கு உள்ளேயே! வீட்டம்மாவுக்கு ஆனந்தம், வரிக் கணக்கில் தலைவலி. ஒரே ஆண்டில் ஏழு மாதம் வெளியே, ஐந்து மாதம் உள்ளே. ஆனால் டபிள்யூ-2 ஒன்றுதான், அதில் முழு ஆண்டுச் சம்பளமும் பென்சில்வேனியா பெயரில்.

பிரிப்பது கடினமில்லை. மாதச் சம்பளச் சீட்டில், அதாவது எல்.இ.எஸ்.ஸில், ஆண்டு தொடக்கத்திலிருந்து அதுவரை வாங்கிய வரிக்குரிய சம்பளம் எவ்வளவு என்று ஒரு கட்டம் உண்டு. ஜூலைச் சீட்டில் இருந்த தொகையை எடுத்து அதோடு ஆகஸ்டின் முதல் சில நாட்களைச் சேர்த்தேன், 20,000 டாலருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. வரி என்று பார்த்தால் 600 டாலர் சொச்சம். அந்தச் சொச்சத்துக்காக நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே.

2022 இலையுதிர் காலத்தில் உங்களுக்கு வந்த மாதிரியே கடிதம். ஆர்டரை இணைக்காமல் விட்டது நான்தான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. கடைசியில் ஆர்டர் கிடைத்தது, அனுப்பினேன், முடிந்தது.

3 மார்ச் 2025, பிற்பகல்

ஒன்று விட்டுப்போனது. ஆர்டர் வரும்வரை எல்.இ.எஸ். அனுப்பலாம். கீழ்ப்பக்கம் சம்பள விவரப் பகுதியில் ஜிப் எண் (நம்மூர் பின்கோடு மாதிரி) ஒன்று இருக்கும், வீட்டுப் படி எந்த ஊர்க் கணக்கில் வருகிறது என்பது அது. டெக்சாஸ் ஜிப் இருந்தால் அவர் டெக்சாஸில் இருக்கிறார் என்று தானே அர்த்தம். மைபே என்ற ராணுவச் சம்பளத் தளத்தில் பழைய சீட்டுகள் ஓராண்டு அளவுக்குத்தான் கிடக்கும், ஆகையால் 2023 சீட்டுகளை அவர் அப்போதே இறக்கி வைத்திருந்தால் உண்டு.

5 மார்ச் 2025

நடுவில் ஒருவர் வந்து, 'கூட்டரசுச் சட்டப்படி ராணுவத்தாருக்கு எந்த மாநிலமும் வரி போட முடியாது, கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்' என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து கிழிக்காதீர்கள். அவர் சொல்கிற சட்டம் உண்மையில் இருக்கிறது, அது சொல்வது வேறு.

2003ல் எஸ்.சி.ஆர்.ஏ. (ராணுவத்தாருக்கான குடிமை நிவாரணச் சட்டம்) என்ற பெயரில் புதிதாக எழுதப்பட்ட சட்டம் அது, மூலம் 1940ஆம் ஆண்டுச் சட்டம், வரி பற்றிய பிரிவு 1942ல் சேர்த்தது. ஆர்டரின் பேரில் ஓர் ஊரில் போய் இருப்பதால் மட்டும் நீ அந்த ஊர்க்காரன் ஆகிவிட மாட்டாய், சொந்த ஊரைவிட்டு ஆர்டரின் பேரில் போனதால் மட்டும் சொந்த ஊரை இழந்துவிடவும் மாட்டாய், இவ்வளவுதான் விஷயம். எனவே டெக்சாஸோ வர்ஜீனியாவோ உங்கள் கணவரின் ராணுவச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. (டெக்சாஸில் வருமான வரியே இல்லை, அது வேறு.) ஆனால் சொந்த மாநிலத்தின் கையை இந்தச் சட்டம் கட்டவில்லை. பென்சில்வேனியா தன் ஆளுக்கு வரி போடாமல் விடுகிறது என்றால் அது பென்சில்வேனியா தானாகக் கொடுக்கிற சலுகை. சலுகை கொடுப்பவர் சீட்டைக் காட்டு என்பார், காட்டத்தான் வேண்டும்.

இதில் ஒரு பழைய வழக்கு உண்டு, டாமரன் எதிர் பிராட்ஹெட், 1953. லூசியானாவைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி டென்வரில் லோரி ஃபீல்டில் பணியில் இருந்தார், வாடகை வீட்டில் இருந்த அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களுக்கு டென்வர் வரி போட்டது. லூசியானா அந்தச் சாமானுக்கு வரி வாங்கவில்லையே, நாங்கள் வாங்கினால் என்ன என்பது டென்வரின் வாதம். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்: சொந்த மாநிலம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தற்காலிகமாக இருக்கிற மாநிலம் வாங்கக் கூடாது. கட்டிலுக்கும் மேசைக்கும் உச்ச நீதிமன்றம் வரை போன மனிதர், நான் 600 டாலருக்கே சோர்ந்துபோனேன்.

6 மார்ச் 2025

சிரிக்க ஒன்று. கொரியாவில் இருந்தபோது என் தபால் முகவரி 'ஏ.பி.ஓ., ஏ.பி.' என்று முடியும். ஏ.பி. என்றால் பசிபிக் பகுதி ராணுவத் தபால், மாநிலம் எழுதுகிற இடத்தில் அதைப் போட வேண்டும். பாளையங்கோட்டையில் அப்பா அதைப் பார்த்துவிட்டு, 'கொரியான்னு சொல்லிட்டு ஆந்திராவிலயா இருக்கே? ஆந்திரான்னா ஒரு நாள்ல வந்துட்டுப் போயிருக்கலாமே' என்று கோபித்துக்கொண்டார்.

9 மார்ச் 2025

3ஆம் தேதி பிற்பகல் நான் எழுதிய ஜிப் எண் யோசனையை முழுதாக நம்ப வேண்டாம். எழுதும்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது, நேற்று பழைய கோப்பை எடுத்துப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

'ஆர்டர் கிடைத்தது, அனுப்பினேன், முடிந்தது' என்று எழுதினேன் அல்லவா, அப்படி நடக்கவில்லை. முதலில் நான் அனுப்பியது எல்.இ.எஸ்.தான், ஏழு மாதத்துக்கும் அழகாக அடுக்கி. கொரியாவுக்குக் குடும்பத்தை அழைத்துப் போகாத ஓராண்டுப் பணி அது, மனைவி பிட்ஸ்பர்க்கில். அப்படிப் பணியில் இருப்பவருக்கு வீட்டுப் படி குடும்பம் இருக்கிற ஊர்க் கணக்கில் வரும். ஆகவே நான் ஹம்ஃப்ரீஸில் கிம்ச்சி தின்றுகொண்டிருந்த ஏழு மாதமும் என் சம்பளச் சீட்டில் பிட்ஸ்பர்க் ஜிப் எண். 'நான் பென்சில்வேனியாவில் இல்லை' என்று காட்ட, பென்சில்வேனியா ஜிப் எண் போட்ட ஏழு தாளை என் கையாலேயே அனுப்பி வைத்திருக்கிறேன்! இரண்டாவது கடிதம் வந்தது, ஆர்டரையே அனுப்பு என்று. வராமல் என்ன செய்யும்.

அதே சீட்டில் இடப்பக்கம் 'குடும்பப் பிரிவுப் படி' என்று மாதம் 250 டாலர் இருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தாலாவது நான் வீட்டில் இல்லை என்றாவது புரிந்திருக்கும். அப்போது தோன்றவில்லை.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கணவருக்கு உள்நாட்டுப் பணியிடம், அதனால் படி டெக்சாஸ் கணக்கில்தான் வரும், ஜிப் எண் சரியாகவே இருக்கும். இருந்தாலும் அனுப்புவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

11 மார்ச் 2025

ஆர்டர் எப்படிக் கிடைத்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், பின்பற்றாதீர்கள்.

காகித ஆர்டர் எல்லாம் வீடு மாறும்போது சாமான் பெட்டியோடு எங்கேயோ போனது. ஐபர்ம்ஸில் பார்த்தால் கொரியாவுக்கான மூல ஆர்டர் இல்லை, திருத்தம் மட்டும் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் படை முழுவதும் இடமாற்றத்தை நிறுத்தி வைத்தார்கள், அதனால் என் சேரும் தேதி தள்ளிப்போனது, அதற்கான திருத்தம் அது. 'இன்ன எண்ணுள்ள ஆர்டரில் தேதியை மாற்றி வாசிக்கவும்' என்று மட்டும் சொல்கிறது, எந்த ஊர் என்று சொல்லவில்லை. திரும்பி வந்த ஆர்டர் கையில் இருந்தது, அதில் கொரியாவிலிருந்து கார்லைலுக்கு என்று இருக்கிறது, ஆனால் கொரியாவில் எப்போதிலிருந்து என்று இல்லை. அந்த யூனிட்டுக்கு மின்னஞ்சல் போட்டேன். அங்கே எல்லாரும் ஓராண்டுக்காரர்கள், என்னைத் தெரிந்தவர் ஒருவர்கூட மிச்சமில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினேன், கொரிய முத்திரையே இல்லை, ராணுவ அடையாள அட்டையும் ஆர்டரும் காட்டித்தான் உள்ளே போனோம்.

கடைசியில் அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னாலிருந்து, 'நீ அனுப்பின தாளா? பீரோவில இருக்கே' என்றார். 2020ல் நான் ஆப்கானிஸ்தானுக்குப் போகப் போகிறேன் என்று அவருக்கு யாரோ சொல்லி, மூன்று நாள் சாப்பிடவில்லை. கொரியாதான் என்று காட்ட ஆர்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அதை அவர் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, குடும்ப அட்டையோடும் வீட்டுப் பத்திரத்தோடும் வைத்திருக்கிறார். தம்பி அதை ஸ்கேன் செய்து அனுப்பினான். மூலமும் திருத்தமும் திரும்பும் ஆர்டரும் மூன்றும் சேர்ந்ததும் கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

என் அடையாள எண்ணெல்லாம் இருக்கிற தாளை வாட்ஸப்பில் அனுப்பியது முட்டாள்தனம், பாதுகாப்பு வகுப்பில் தூங்கியவன் வேலை. ஆனால் அன்றைக்கு அந்த முட்டாள்தனம்தான் காப்பாற்றியது.

11 மார்ச் 2025, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு 'டிடி-214 அனுப்பினால் ஆகாதா' என்று ஒருவர். ஆகாது. பணி முடித்து வெளியே வரும்போது கொடுக்கிற அந்தத் தாளில் கடைசிப் பணியிடமும் விடுபட்ட இடமும் இருக்கும், நடுவில் இருந்த ஊர்கள் வராது. வெளிநாட்டுப் பணி மொத்தம் எத்தனை ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கும், எந்த நாடு, எந்தத் தேதி என்று பெரும்பாலும் இருக்காது. அது மட்டுமல்ல, சேரும்போது இருந்த 'ஹோம் ஆஃப் ரெக்கார்ட்' அதில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இதுதான் வரி மாநிலம் என்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு.

அந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. ஹோம் ஆஃப் ரெக்கார்ட் என்பது படையில் சேர்ந்தபோது எந்த ஊர் என்பது, பணி முடிந்ததும் வீடு திரும்பப் பயணச் செலவு கணக்கிடுவதற்கு. வரிக்கு வேண்டியது சட்டப்படியான குடியிருப்பு மாநிலம், அதை மாற்ற டிடி 2058 என்று தனிப் படிவம். ஃபோர்ட் ஹூட்டில் என் சார்ஜென்ட் வாரம் ஒருமுறை சொல்வார், 'படிவத்தில் டெக்சாஸ் என்று போட்டுக் கையெழுத்துப் போடடா, ஆயுசுக்கும் வரி இல்லை' என்று. பாதிப் பட்டாளம் அப்படித்தான் டெக்சாஸ்காரர்கள், ஃபுளோரிடாக்காரர்கள். தப்பில்லை, ஆனால் கையெழுத்து மட்டும் போதாது: அந்த மாநிலத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும், அதுதான் இனி என் ஊர் என்ற எண்ணமும் அப்போதே இருக்க வேண்டும், அந்த எண்ணத்துக்கு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு மாதிரி ஏதாவது சாட்சி வேண்டும். எனக்கு மனைவியும் வீடும் பிட்ஸ்பர்க்கில், டெக்சாஸ்தான் என் ஊர் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அப்போது போட்டிருந்தால் பின்னால் கார்லைலில் மூன்று ஆண்டும் ராணுவச் சம்பளத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டாம். கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஆகையால் பார்ப்பதில்லை.

16 மார்ச் 2025

நியூயார்க்கைச் சேர்ந்த தம்பி ஒருவர் தனிச்செய்தியில்: 'நானும் டெக்சாஸில்தான் இருக்கிறேன், ஆர்டர் கையில் இருக்கிறது, எனக்கும் வரி இல்லைதானே?' இருங்கள் தம்பி, நியூயார்க் வேறு மாதிரி. அங்கே வெளியே இருந்தால் மட்டும் போதாது. நியூயார்க்கில் நிரந்தர வீடு வைத்திருக்கக் கூடாது, வெளியே நிரந்தர வீடு வைத்திருக்க வேண்டும், ஆண்டில் 30 நாளுக்கு மேல் நியூயார்க்கில் தங்கக் கூடாது. மூன்றும் வேண்டும். பாரக்கில் (முகாமின் சிப்பாய் விடுதியில்) ஒரு கட்டில், கப்பலில் ஒரு படுக்கை, இவையெல்லாம் பொதுவாக வீட்டுக் கணக்கில் வராது. திருமணமாகாமல் பாரக்கில் இருக்கிற பையன் மூன்று ஆண்டு டெக்சாஸில் இருந்தாலும் வரிக்கு நியூயார்க்வாசிதான். அவருக்கு ஆர்டரை விட வாடகை ஒப்பந்தம்தான் முக்கியம், விடுப்பில் ஊருக்கு வந்த நாட்களின் எண்ணிக்கையும். விடுப்புப் படிவங்களை வைத்திருங்கள்.

கலிஃபோர்னியா இதில் தாராளம். இடமாற்ற ஆர்டரில் வெளியே போய்விட்டால் அந்தக் காலத்துக்கு நீங்கள் அந்த மாநிலத்தவரே அல்ல என்று கணக்கு. இல்லினாயும் மிச்சிகனும் முழுநேர ராணுவச் சம்பளத்துக்கு வரியே போடுவதில்லை, எங்கே இருந்தால் என்ன. ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் எடுத்துப் போகாதீர்கள், இந்த இழையின் தலைப்பில் பென்சில்வேனியா என்று போட்டிருப்பது சும்மா இல்லை.

17 மார்ச் 2025

பகுதிநேரப் படையான தேசியக் காவல்படையைச் சேர்ந்த ஒருவர் தன் பயிற்சிச் சம்பளத்துக்கும் வரி இல்லையா என்று கேட்டதற்குச் சுருக்கமாக: வார இறுதிப் பயிற்சிச் சம்பளம் இந்தச் சலுகையில் வராது. ஆண்டுப் பயிற்சியை ஃபோர்ட் இண்டியன்டவுன் கேப்பில் செய்தீர்கள் என்றால் அது பென்சில்வேனியாவுக்கு உள்ளே, அதுவும் வராது.

டபிள்யூ-2வில் 12ஆம் கட்டத்தில் 'கியூ' என்று இருந்தால் அது போர்ப் பகுதிச் சம்பளம். தொகையைச் சொல்லும், ஊரைச் சொல்லாது, ஆகவே அதை மட்டும் ஆதாரமாக நம்ப வேண்டாம்.

2 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவரின் கணவர் களத்திலிருந்து வந்து ஆர்டரை இறக்கிக் கொடுத்துவிட்டார். நல்ல செய்தி. இப்போது புதிய கவலை: 2022 டிசம்பரில் எழுதிய ஆர்டரில் 'ஃபோர்ட் ஹூட்' என்று இருக்கிறது, 2023 காகிதங்களில் பாதி 'ஃபோர்ட் கவாசோஸ்' என்கிறது. இரண்டு ஊர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்.

ஒரே ஊர்தான். 2023 மே மாதம் பெயர் மாற்றினார்கள், உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதிகளாக இருந்தவர்களின் பெயர்களை எல்லா முகாம்களிலிருந்தும் எடுத்தபோது. நான் பயிற்சி எடுத்த ஃபோர்ட் லீ அதே ஆண்டு ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் ஆனது. கடிதத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'ஃபோர்ட் ஹூட்டும் ஃபோர்ட் கவாசோஸும் டெக்சாஸில் உள்ள ஒரே முகாம், 2023 மே மாதத்தில் பெயர் மாறியது.' மெட்ராஸ் சென்னை ஆனதை எத்தனை விண்ணப்பத்தில் விளக்கியிருக்கிறோம், இது என்ன பெரிய விஷயம். ஆர்டரில் சேரும் தேதி, பணியிடம், அவர் பெயர் மூன்றும் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஜனவரி முதல் பாதி வர்ஜீனியாவில் இருந்தார் என்றீர்கள், அதுவும் வெளியேதான். பயிற்சிக்குப் போன ஆர்டரையும் சேர்த்தால் ஆண்டு முழுதும் ஓட்டை இல்லாமல் மூடிவிடும்.

அப்புறம், உங்கள் சம்பளம் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஆலன்டவுனிலேயே இருந்து ஆலன்டவுனிலேயே வேலை செய்கிறீர்கள், இதில் எதுவும் உங்களைத் தொடாது, வழக்கம்போல் கட்டுங்கள். டெக்சாஸுக்குக் குடிபோகிற எண்ணம் இருந்தால் அப்போது கேளுங்கள். 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டத் திருத்தத்தில் கணவனும் மனைவியும் அவர் மாநிலம், இவர் மாநிலம், பணியிட மாநிலம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று வந்திருக்கிறது. அது தனியாகப் பேச வேண்டிய கதை.

14 ஜூன் 2025

இந்த வாரச் செய்தி பார்த்தீர்களா? மறுபடி ஃபோர்ட் ஹூட்! மறுபடி ஃபோர்ட் லீ! பழைய தளபதிகள் திரும்பி வரவில்லையாம், அதே பெயருள்ள வேறு வீரர்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். லீ இப்போது ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாய். ஆகவே ஏப்ரல் 2ல் நான் எழுதிக்கொடுத்த அந்த ஒரு வரியை அடுத்த ஆண்டு அனுப்புகிறவர்கள் இரண்டு வரியாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு மே கடைசியில் பதில் வந்துவிட்டதாம், கூடுதல் வரி எதுவும் இல்லை என்று. போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

நான் இந்தச் சாக்கில் அப்பாவைக் கூப்பிட்டு, அந்த ஆர்டர் தாளில் என் எண்ணெல்லாம் இருக்கிறது, இனி வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றேன். லேமினேட் பண்ணினதை எப்படிடா கிழிக்கிறது என்கிறார்.